வேவு பலூனைக் காகிதத்தில் கட்டுவது: மார்த்தாண்டத்துத் தம்பிக்கு ஒரு பதில்

மார்த்தாண்டத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: “அண்ணாச்சி, நண்பர்கள் நான்கு பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் மேசையில் 15 மில்லிமீட்டர் வீரர்களை நிறுத்திப் போர் விளையாட்டு ஆடுகிறோம். அமெரிக்க உள்நாட்டுப் போர், முதல் உலகப் போர் இரண்டும் உண்டு. படைக்குப் பின்னால் மிதக்கும் வேவு பலூன் ஒன்று வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் பொருளைவிடத் தபால் செலவு அதிகம். காகிதத்தில் செய்ய முடியுமா? ஊதிய ரப்பர் பலூன்மேல் தாள் ஒட்டிப் பார்த்தேன், மாங்காய் போல வந்தது. மழைக்காலத்தில் அதுவும் தொய்ந்துபோனது. குளச்சல் போருக்கும் அதையே வைக்கலாமா?”

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். வைக்கக் கூடாது. குளச்சலில் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரர்களைத் தோற்கடித்தது 1741இல். மோன்கோல்ஃபியே சகோதரர்கள் பிரான்சில் முதல் பலூனை ஊரறியப் பறக்கவிட்டது 1783இல். நாற்பத்திரண்டு ஆண்டு இடைவெளி. சரணடைந்து, பிறகு திருவிதாங்கூர்ப் படைக்கே தளபதியான டிலனாய் 1777இல் இறந்து உதயகிரிக் கோட்டைக்குள் அடக்கமாகிவிட்டார். அவரே பலூன் என்ற ஒன்றைக் கேள்விப்படாமல் போனவர். நம் மாவட்டத்துப் போரில்தான் பலூன் பறக்க வேண்டும் என்று ஆசை இருந்தால் 1809க்கு வாருங்கள். வேலுத்தம்பி தளவாய் காலத்தில் ஆரல்வாய்மொழி அரண்களைக் கும்பினிப் படை தாக்கியதே, அங்கே “ஒருவேளை இருந்திருந்தால்” என்று கற்பனையாக ஆடலாம். அதற்குள் பிரெஞ்சுக்காரர்கள் பலூனைப் போரில் பயன்படுத்தி, அந்தப் பிரிவைக் கலைத்தும் விட்டார்கள். ஆரல்வாய்மொழிக் காற்றில் உருண்டைப் பலூன் என்ன பாடுபடும் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

இனி காகிதம். முடியுமா என்று தயங்க வேண்டாம், தம்பி. பலூன் செய்ய பிளாஸ்டிக்கைவிடக் காகிதமே பொருத்தம் என்பேன். உண்மைப் பலூன் எப்படிப் பிறந்தது என்று பாருங்கள். தட்டையான துணியை நீள நீளமான இதழ்களாக வெட்டி, ஓரத்தோடு ஓரம் சேர்த்துத்தான் அதை உருண்டையாக்கினார்கள். மோன்கோல்ஃபியே குடும்பம் காகித ஆலைக் குடும்பம். அவர்களுடைய 1783 ஜூன் பலூனில் துணிக்கு உட்புறம் தாள்தான் ஒட்டியிருந்தது, துண்டுகளைப் பொத்தான் போட்டு இணைத்திருந்தார்கள். ஆகவே தாளை இதழ்களாக வெட்டி ஒட்டும்போது நீங்கள் பலூனின் போலியைச் செய்யவில்லை, சின்னதாக ஒரு பலூனையே தைக்கிறீர்கள். ரப்பர் பலூன்மேல் தாள் ஒட்டினால் தையல் வராது, வடிவமும் கடைக்காரர் கொடுத்த ரப்பரின் வடிவம்தான். போதாததற்கு, தாள் காய்வதற்குள் உள்ளே காற்று குறைந்து ரப்பர் சுருங்கும், தாளும் அதோடு சுருங்கும். மாங்காய் வந்ததற்குக் காரணம் அதுதான், உங்கள் கைக் குறை இல்லை.

எந்தப் பலூன்? அமெரிக்க உள்நாட்டுப் போர் என்றால் தாடியஸ் லோ என்பவரின் பலூன்கள். வடபடைக்காக 1861 முதல் 1863 வரை ஏழு பலூன்கள் வைத்திருந்தார். பெரியவற்றில் ஒன்றான ‘இன்ட்ரெபிட்’ 32,000 கன அடி வாயு கொள்ளும். அதை உருண்டை என்று வைத்துக் கணக்குப் போட்டால் விட்டம் ஏறத்தாழ 12 மீட்டர். உங்கள் 15 மில்லிமீட்டர் வீரர்கள் தோராயமாக நூறில் ஒரு பங்கு அளவு. ஆக 12 சென்டிமீட்டர் உருண்டை, ஒரு பெரிய மாதுளையைவிடச் சற்றுப் பெரியது.

பன்னிரண்டு இதழ்கள் போதும். எட்டு என்றால் மூலைகள் துருத்தும், பதினாறு என்றால் பொறுமை போய்விடும். இதழின் நீளம் சுற்றளவில் பாதி, அதாவது 18.85 சென்டிமீட்டர். நடுவில் அகலம் சுற்றளவில் பன்னிரண்டில் ஒரு பங்கு, 31.4 மில்லிமீட்டர். நடுக்கோட்டிலிருந்து முனை வரையுள்ள பாதி நீளத்தை ஆறு சம பாகமாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 15.7 மில்லிமீட்டர். அந்தப் புள்ளிகளில் இதழின் முழு அகலம், நடுவில் தொடங்கி முறையே 31.4, 30.3, 27.2, 22.2, 15.7, 8.1, முனையில் பூஜ்யம். புள்ளிகளை வளைகோட்டால் சேர்த்து, ஒன்றைக் கெட்டி அட்டையில் வெட்டி அச்சாக வைத்துக்கொள்ளுங்கள். மற்றப் பன்னிரண்டையும் அதை வைத்தே வரையுங்கள். கண்ணளவில் வரைந்தால் கடைசி இதழுக்கு இடம் இருக்காது, அல்லது இரண்டு விரல் இடைவெளி மிஞ்சும். இரண்டும் எனக்கு நடந்திருக்கிறது.

இங்கே ஒரு நுட்பம். தாளுக்கு நார்ப்போக்கு உண்டு. ஒரு துண்டைக் கிழித்துப் பாருங்கள். நேராகக் கிழியும் திசைதான் நார் ஓடும் திசை. நாருக்கு இணையான மடிப்பில் தாள் சமர்த்தாக வளையும், குறுக்கே வளைத்தால் முறுக்கிக்கொண்டு நொடிக்கும். இதழ் நெடுக உருண்டு வளைய வேண்டியது, ஆகவே நார் அதன் அகலவாக்கில் ஓட வேண்டும். ஏ4 தாளில் பெரும்பாலும் நார் நீளவாக்கில் ஓடும். எனவே இதழ்களைத் தாளின் அகலப் பக்கத்தில் குறுக்கே வரையுங்கள். 18.85 சென்டிமீட்டர் 21க்குள் அழகாக அடங்கிவிடும், இரண்டு தாளில் பன்னிரண்டு இதழும் முடிந்துவிடும். நூறு ஜி.எஸ்.எம். தாள் நல்லது. சார்ட் அட்டை வேண்டாம், அது வளையாமல் முறியும். வெட்டிய இதழ்களை மேசை விளிம்பில் ஒரு தடவை இழுத்து வளைவு ஏற்றிக்கொண்ட பிறகே ஒட்டத் தொடங்குங்கள்.

ஒட்டுவதற்கு ஓரத்தில் பல் பல்லாக மடிப்பு விடும் வழக்கம் உண்டு. நான் விடுவதில்லை. மடிப்பு வெளியே புடைத்துத் தெரியும். இரண்டு இதழ்களை ஓரத்தோடு ஓரம் வைத்து, உட்புறத்தில் நான்கு மில்லிமீட்டர் அகலப் பட்டம் விடும் தாள் நாடாவை ஒட்டுவேன். நடுவில் தொடங்கி முனைகளை நோக்கிப் போக வேண்டும், முனையில் தொடங்கினால் முறுக்கிக்கொள்ளும். ஃபெவிகாலைத் தண்ணீர் கலக்காமல் ஊசி முனையளவு எடுத்துத் தேய்க்கவும். மைதாப் பசை கிறிஸ்துமஸ் ஸ்டாருக்குச் சரி. சின்ன வயதில் மூங்கில் சிலாம்பில் வண்ணத்தாள் ஒட்டி ஸ்டார் கட்டித்தான் என் கை பழகியது, நம் ஊரில் டிசம்பரில் அந்தக் கை பழகாத வீடு குறைவு. ஆனால் மைதாவில் தண்ணீர் அதிகம், இவ்வளவு சிறிய இதழை அது நெளித்துவிடும். கரப்பானுக்கும் அது விருந்து.

ஆறு இதழ் கொண்ட இரண்டு பாதிக் கோளங்களாக முதலில் முடித்து, பிறகு பாதிகளை இணையுங்கள். கடைசித் தையலுக்குள் விரல் போகாது, அதற்கு மட்டும் நாடாவின் ஒரு பாதியை முன்பே ஒட்டி வைத்து, கீழ் ஓட்டை வழியாக ஈர்க்குக் குச்சியை விட்டு அழுத்த வேண்டும். அதனால் கீழ் முனையை முழுக்க மூடாமல் ஒரு சென்டிமீட்டர் திறந்து விடுங்கள். அது வசதிக்காக மட்டும் இல்லை. உண்மைப் பலூனின் அடியிலும் கழுத்து உண்டு, வாயுவை ஏற்றுவது அதன் வழியாகத்தான். மேலே ஏற ஏற வாயு விரியும்போது வெளியேறும் வழியும் அதுவே. ஒரு சின்னக் காகிதக் குழாயை அங்கே சொருகினால் உருண்டைக்குப் பலூன் களை வந்துவிடும். உச்சியில் சுண்டைக்காய் அளவு வட்டத் தாள். அது வால்வு, பன்னிரண்டு முனைகள் சேரும் அசிங்கத்தையும் மறைக்கும்.

அடுத்தது வலை. உருண்டைப் பலூனில் கூடையின் பாரம் துணியில் தொங்காது. துணிமேல் போர்த்திய வலையின் கயிறுகள் கீழே ஒரு வளையத்தில் சேரும், கூடை அந்த வளையத்தில் தொங்கும். வலை இல்லாத பலூன் பார்ப்பதற்கு வெறும் பந்து. ஆனால் நூல் வலை கட்டாதீர்கள். நூறில் ஒரு பங்கு அளவில் தையல் நூல்கூடக் கப்பல் வடம் போலத் தெரியும். இதழ்களை வெட்டும் முன்பே கூர்மையான பென்சிலால் சாய்சதுரக் கட்டங்கள் வரைந்துவிடுங்கள். இடுப்புக்குக் கீழிருந்து வளையம் வரை இறங்கும் பன்னிரண்டு கயிறுகளுக்கு மட்டும் உண்மை நூல், ஒவ்வொரு தையலிலிருந்தும் ஒன்று. தோவாளையில் பூக் கட்டும் நூல் வேண்டாம், முசுமுசுவென்று பஞ்சு நிற்கும். தையல் நூலை மெழுகில் ஒரு இழுப்பு இழுத்தால் போதும். தூண்டிலுக்குக் கட்டும் தங்கூசி இழை இன்னும் மெல்லியது, ஆனால் விளக்கொளியில் பளபளத்துக் காட்டிக்கொடுக்கும்.

கூடை ஒரு சென்டிமீட்டர் உயரம். பனையோலையில் கடவம் முடைவது போல முடைந்து பார்க்கும் ஆசை எனக்கும் வந்தது, முடையவும் செய்தேன். உள்ளே நிற்கும் அதிகாரி ஏதோ மீன்பெட்டியில் நிற்பது போலிருந்தது. பிரவுன் தாளை லேசாக ஈரமாக்கி மாவு சல்லடைமேல் வைத்துக் கரண்டிக் காம்பால் தேயுங்கள். பின்னல் அச்சு விழும், அதைச் சுருட்டிக் கூடையாக்குங்கள்.

ஈரத்துக்கு வருவோம். நம் மாவட்டத்துக்கு இரண்டு மழை. ஆனி ஆடிச் சாரல் ஒரு பக்கம், ஐப்பசி கார்த்திகை மழை இன்னொரு பக்கம், இடையில் கடல் காற்று. வெறும் தாள் இங்கே நிற்காது. தச்சுப் பட்டறையில் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் பாலிஷ் போடுவார்களே, அதை மெல்லியதாக இரண்டு பூச்சு பூசுங்கள். ஸ்பிரிட் தாளை நெளிக்காது, தண்ணீர் வார்னிஷ் நெளிக்கும். இதழ்களை ஒட்டும் முன்பே உட்புறத்திலும் ஒரு பூச்சு கொடுங்கள், நாடா ஒட்டும் ஓரங்களை மட்டும் விட்டுவிட்டு. வெளியே மட்டும் பூசினால் ஈரம் ஒரு பக்கமாக ஏறி இதழ் சுருளும். அரக்குப் பூச்சால் தாள் தேன் நிறம் கொள்ளும். லோவின் பலூன்களும் வார்னிஷ் பூசிய பட்டுதான், ஆகவே அந்த நிறம் உங்களுக்கு இலவசம். பூசும்போது அறையில் அடுப்போ விளக்கோ எரியக் கூடாது. கேட்கமாட்டீர்கள் என்றாலும் சொல்கிறேன்: உள்ளே தீபம் வைத்துப் பறக்கவிடும் யோசனை யாருக்காவது வந்தால், தென்னோலைக் கூரைகளை நினைத்துக்கொண்டு அதை அங்கேயே விட்டுவிடுங்கள்.

முதல் உலகப் போருக்கு இந்த உருண்டை உதவாது. காரணம் காற்று. முப்பந்தலில் காற்றாலைகள் நிற்கும் இடத்தில் ஆனி மாதம் ஒரு நாள் குடை விரித்துப் பாருங்கள், புரியும். கயிற்றில் கட்டிய உருண்டை, காற்றடித்தால் சாயும், சுழலும், தரையை நோக்கித் தாழும். கூடையில் இருப்பவர் தொலைநோக்கியைக் கண்ணில் வைக்கவே முடியாது. இதற்குத் தீர்வாக ஜெர்மனியில் பார்சேவாலும் ஜீக்ஸ்ஃபெல்டும் 1890களில் பட்டத்தையும் பலூனையும் சேர்த்து, தொத்திறைச்சி வடிவில் ஒன்றைச் செய்தார்கள். காற்று அதைத் தாழ்த்தாமல் பட்டம் போலத் தூக்கிப் பிடிக்கும். பிறகு பிரெஞ்சுப் பொறியாளர் ஆல்பர் காகோ மீன் போன்ற உடலும் வாலில் மூன்று ஊதிய துடுப்புகளும் கொண்ட வடிவத்தை உருவாக்கினார். நேச நாட்டுப் படைகள் அதைத்தான் பெரிதும் பயன்படுத்தின. காகோ ஆர் வகை ஏறத்தாழ 28 மீட்டர் நீளம், பத்து மீட்டருக்குச் சற்றுக் குறைந்த விட்டம்.

உங்கள் அளவில் அது 28 சென்டிமீட்டர். இங்கேதான் பலர் தடுக்கி விழுவார்கள். இதழை 28 சென்டிமீட்டர் நீளத்துக்கு வெட்டுவார்கள், பலூன் குட்டையாகிவிடும். இதழ் ஓடுவது உடலின் வளைவில், நடு அச்சில் ஓடவில்லை. பக்கவாட்டு உருவத்தை முழு அளவில் வரைந்து, அதன் முதுகுக் கோட்டின்மேல் நூலைப் படுக்க வைத்து அளவெடுங்கள், 31 சென்டிமீட்டருக்கு மேல் வரும். ஏ4 தாளில் அடங்காது, ஏ3 வாங்குங்கள், நார்ப்போக்கை மறுபடி கிழித்துப் பாருங்கள். நூலில் இரண்டிரண்டு சென்டிமீட்டருக்கு ஒரு புள்ளி வைத்து, அந்தந்த இடத்தில் உடலின் விட்டத்தை அளந்து, 3.14ஆல் பெருக்கி எட்டால் வகுத்தால் எட்டு இதழுக்கான அகலம் கிடைக்கும். மிகப் பருத்த இடத்தில் 38 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். பருமன் மூக்குப் பக்கம் அதிகம் என்பதை மறக்க வேண்டாம், நடுவில் பருத்தால் அது வெள்ளரிக்காய். துடுப்புகளுக்கு இரண்டிரண்டு துண்டு வெட்டி ஓரம் ஒட்டி, உள்ளே கொஞ்சம் பஞ்சு. ஒன்று நேர் கீழே, மற்ற இரண்டும் மேல்நோக்கிப் பக்கத்துக்கு ஒன்று. இதற்கு வலை கிடையாது, கயிறுகள் உடலின் பக்கவாட்டில் தைத்த பட்டைகளிலிருந்து இறங்கும். துணி ரப்பர் ஏற்றிய பருத்தி. குலசேகரம் பக்கம் ரப்பர்த் தாள் உலர்த்தும் கொடியைப் பார்த்தவர்களுக்கு அந்த மங்கிய நிறத்தை விளக்க வேண்டியதில்லை.

நிறுத்துவது எப்படி? சீலிங் ஃபேன் கொக்கியில் தொங்கவிடலாம் என்று நானும் ஒரு காலத்தில் நினைத்தேன். விளையாட்டு நடுவில் போன மின்சாரம் திரும்பி வந்தது, ஃபேனை அணைக்க மறந்திருந்தோம். வடபடையின் கண் தென்படைப் பீரங்கி வரிசைமேல் மூன்று சுற்று சுற்றிவிட்டு என் மைத்துனர் காபியில் இறங்கியது. இப்போது சைக்கிள் ஸ்போக்தான். அதன்மேல் மெழுகு நூலைச் சுற்றினால் அதுவே வடம், அதுவே தாங்கி. அடியில் மீன்வலையில் கட்டும் ஈயக்குண்டு நான்கைந்தை அட்டைப் பெட்டிக்குள் வைத்து மூடி, மேலே மணல் தூவுங்கள். ஈயத்தைத் தொட்ட கையைக் கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள். காகோவுக்கு அந்தப் பெட்டியையே, வடத்தைச் சுற்றி இழுத்துப் பலூனை இறக்கும் வின்ச் லாரியாகச் செய்யலாம்.

லோவின் பலூனுக்குப் பக்கத்தில் வாயு வண்டிகள் இரண்டு கட்டாயம் வேண்டும். மரத்தொட்டி வண்டிக்குள் இரும்புத் தூளும் கந்தக அமிலமும் சேர்ந்து ஹைட்ரஜன் கிளம்பும், குழாய் வழியாகப் பலூனுக்குப் போகும். காகிதத்தில் அது வெறும் பெட்டி, நான்கு சக்கரம், ஒரு குழாய். பிரெஞ்சுப் புரட்சிப் போர் ஆடுவதாக இருந்தால் வண்டி வைக்காதீர்கள். கந்தகம் வெடிமருந்துக்குத் தேவைப்பட்டதால் அவர்கள் பழுக்கக் காய்ச்சிய இரும்பின்மேல் நீராவியைச் செலுத்தி வாயு எடுத்தார்கள், அதற்குச் செங்கல் உலை வேண்டும்.

மேசையில் அளவு பார்க்காதீர்கள், மனம் உடைந்துவிடும். லோ ஏறிய ஆயிரம் அடி உங்கள் கணக்கில் மூன்று மீட்டர், பலூன் உத்திரத்துக்குப் போய்விடும். ஒரு சாண் உயரம் போதும். முதல் உலகப் போரில் பலூன் முன்னணிக்குப் பல கிலோமீட்டர் பின்னால் நிற்கும். ஐந்து கிலோமீட்டர் என்றால் உங்கள் அளவில் ஐம்பது மீட்டர், பக்கத்து வீட்டுத் தென்னந்தோப்பு. ஆகவே தரைப்போர் ஆடும்போது காகோவை மேசையில் வைக்காமல் ஓரத்து அலமாரியில் வையுங்கள்.

பலூன் வைத்திருப்பவருக்கு என்ன சலுகை? மருந்துவாழ் மலையில் ஏறியவர்களுக்குத் தெரியும், கீழே தோப்பு மறைத்ததெல்லாம் மேலே போனதும் விரித்த பாய் போலக் கிடக்கும். தரையில் நிற்பவருக்கு அடிவானம் ஐந்து கிலோமீட்டருக்குள், 300 மீட்டர் உயரத்தில் அறுபது கிலோமீட்டர். அதனால் மலைக்குப் பின்னால் மறைந்த எதிரிப் படையைத் திறந்து காட்டச் சொல்லலாம். ஆனால் செய்தி கீழே வந்து சேர வேண்டும் அல்லவா? 1794இல் ஃப்ளரூஸ் போரில் பிரெஞ்சுப் பலூன் பிரிவின் தலைவர் கூட்டெல் சுமார் ஒன்பது மணி நேரம் மேலேயே இருந்து, குறிப்புகளைக் கீழே இறக்கினார். அந்தப் போர் ஆடினால் தகவல் ஒரு சுற்று தாமதமாகட்டும். லோ கூடைக்குத் தந்திக் கம்பியே கொண்டுபோனவர், அவருடைய தகவல் அந்தச் சுற்றிலேயே வரட்டும். பகடையில் ஒன்று விழுந்தால் புகையோ காற்றோ, அந்தச் சுற்று ஒன்றும் தெரியாது. எதிராளிக்கும் ஒரு வழி கொடுங்கள்: காட்டுக்குள் நகர்ந்தால் தெரியாது, ஆனால் பாதி வேகம். தென்படையினர் பலூனைச் சுட்டு வீழ்த்தவில்லை, அதன் கண்ணில் படாமல் நகரத்தான் சிரமப்பட்டார்கள். ஒன்று மட்டும், கெட்டிஸ்பர்க் ஆடும்போது பலூனைப் பெட்டியில் வைத்துவிடுங்கள். லோ 1863 மே மாதமே விலகிவிட்டார், அந்தப் போர் ஜூலையில்.

முதல் உலகப் போரில் விமானச் சண்டை தனியாக ஆடினால்தான் காகோவுக்கு முழு மரியாதை. அதற்கு 144இல் ஒரு பங்கு அளவில் இன்னொன்று செய்யுங்கள். பலூன் பத்தொன்பதரை சென்டிமீட்டர், ஸ்பாட் 13 விமானம் நான்கரைக்கும் குறைவு. அந்த வித்தியாசமே மேசையில் பேசும். யானையைக் கொட்ட வந்த குளவி போல இருக்கும். ஆனால் யானையைச் சுற்றிப் பீரங்கிகள் நிற்கும், அந்த உயரத்துக்குக் குறிவைத்துத் தயாராக. அமெரிக்க விமானி ஃபிராங்க் லூக் வீழ்த்திய பதினெட்டில் பதினான்கு பலூன்கள், அவரும் 1918 செப்டம்பர் 29இல் போய்ச்சேர்ந்தார். வின்ச் ஒவ்வொரு சுற்றிலும் பலூனை ஒரு படி கீழே இழுக்கும். தீக்குண்டு பட்டால் பகடை. விமானிகளில் பெரும்பாலோருக்கு இல்லாத பாராசூட் பலூன்காரருக்கு இருந்தது, ஆகவே எப்போது குதிப்பது என்பதைப் பலூன் பக்கத்து ஆட்டக்காரரே முடிவு செய்யட்டும். முன்கூட்டியே குதித்தால் உயிர் மிஞ்சும், பலூன் தப்பித்தாலும் அன்றைய தகவல் கிடையாது.